வரிசையில் நிற்கும் மாப்பிள்ளை

அத்தியாயம் 17

"டிராக்டர் ஓட்டத் தெரியுமா மாமா?" என்று என் அக்கா மகன் கிஷோர் கேட்டபோது தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நான் பொறந்ததே டிராக்டர் மேலதான்டா."

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் ரோட்டில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி. அதன் கேட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குத் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். கிஷோரின் வண்டி மூன்று நாள் ஊர்ந்து ஊர்ந்து, கேட்டுக்கு முன்னால் பதினோராவது வண்டியாக வந்து நின்றிருந்தது. மத்தியானத்துக்குள் உள்ளே போய்விடும். மூன்று நாளாகப் பையன் குளிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்தே நிமிஷம். முன்னாடி வண்டி நவுந்தா நீயும் ஒரு வண்டி நீளம் நவுத்திக்கோ. அவ்ளோதான்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். கையில் அகப்பட்ட கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி நகரத்தான் செய்தது. எந்தப் பக்கம் நகர்வது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை.

ட்ரைலர் பின்னால் போய், அங்கே நின்ற டிராக்டரின் மூக்கில் மோதி, பின்கதவுக் கொக்கி தெறித்து, ட்ரைலரில் பாதி மாங்காய் அந்த டிராக்டரின் பானெட் மேலும் ரோட்டின் மேலும் சரிந்து கொட்டியது. பின்னால் இருந்த டிராக்டரின் சீட்டில் துலுக்காணம் என்கிற பிச்சாட்டூர்ப் பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸ் கையில் அப்படியே இருந்தது. டீ மட்டும் இல்லை.

"யோவ்! நீ வண்டி ஓட்றியா, இல்ல என் மேல மாங்கா கொட்றியா?"

"ஸாரிங்க. கியரு மாறிடுச்சு."

"கியரு மாறல. ஆளு மாறிட்டான். அந்தப் பையன் எங்க?"

அந்தப் பையன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குனிந்து மாங்காய் பொறுக்க ஆரம்பித்தான். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பொறுக்கி ஏற்றி, கொக்கிக்குக் கம்பி கட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் முன்னால் நாலு வண்டி நீளத்துக்கு இடம் காலியாகி, பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிட்டது. இந்த வரிசைக்கென்று விவசாயிகள் தாங்களே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பத்து நிமிஷம் நகராத வண்டி கடைசிக்குப் போக வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்களால் வரிசையே முடங்குகிறது என்பதற்காகப் போட்ட சட்டம். அதை முதல் நாள் எழுந்து நின்று உரக்கச் சொன்னவன் யார் என்று கேட்காதீர்கள். என் அக்கா மகன்தான்.

சுற்றி நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். துலுக்காணமே இறங்கி வந்தார். "வுடு நைனா. வயசான கிறுக்கன் ஒருத்தன் பண்ணதுக்கு நீ இன்னா செய்வ? நில்லு இங்கியே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எனக்கு நாற்பத்தெட்டுதான். ஆனால் அதைச் சொல்லும் நேரமாக அது தெரியவில்லை.

"இல்ல பெரிப்பா" என்றான் கிஷோர். "முந்தாநேத்து அந்த சத்தியவேடு ஆளு வண்டிய நான்தான கடைசிக்கு அனுப்பினேன்? அவரு பொண்டாட்டிக்கு ஜொரம்னு சொன்னாரு. அப்பவும் அனுப்பினேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் பின்னால் போனான். நான் வண்டியில் ஏறாமல் பின்னாலேயே நடந்தேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

நான் நடந்து போய்ச் சேரும் இந்த இரண்டு கிலோமீட்டருக்குள், இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் கால் வைக்கிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே வாருங்கள்.

நாங்கள் மூன்று பேர். பெரியவர் வெங்கடரமணன் அண்ணன், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு ரூம் லாட்ஜுக்கு ஓனர். அடுத்தவள் தாட்சாயணி அக்கா. கார்வேட்டிநகரத்துக்கு வெளியே நாலு ஏக்கர் மாந்தோட்டம், வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். கடைசியாக நான், சீனு. அண்ணன் லாட்ஜில் ரிசப்ஷன் நாற்காலி, அண்ணன் வீட்டில் சாப்பாடு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் ஆஸ்தி.

அண்ணன் மகள் ஹரிதாவும் அக்கா மகன் கிஷோரும் முறைக்காரர்கள். சின்ன வயதில் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து மாப்பிள்ளை, பொண்ணு என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது. லாட்ஜ் ஒவ்வொரு மாடியாக எழும்ப எழும்ப, அந்தக் கேலி குறைந்து நின்றுபோனது. ஆனால் இரண்டு பேர் அதை மறக்கவில்லை என்பது நாலு வாரத்துக்கு முன்னால்தான் வீட்டில் தெரிந்தது. முடியவே முடியாது என்று அண்ணன் செய்த ரகளை பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

போன வாரம் அண்ணன் திடீரென்று இறங்கி வந்தார். "அந்தப் பையன் இல்லரிகம் வரட்டும், கட்டித் தரேன்" என்றார். எங்கள் பக்கத்தில், பெண் வீட்டோடு வந்து தங்கிவிடும் மாப்பிள்ளைக்கு இல்லரிகம் என்று பெயர். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிஷோர் திருப்பதிக்கு வந்துவிட வேண்டும். லாட்ஜைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதில் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் வர வேண்டும். ஏனென்றால் புதன்கிழமை சித்தூரிலிருந்து ஒரு குடும்பம் ஹரிதாவைப் பெண் பார்க்க வருகிறது. அந்தப் பையனுக்கு இரண்டு கல்யாண மண்டபம் சொந்தம். இரண்டு மண்டபம் வைத்துக்கொண்டும் கல்யாணம் ஆகாத ஒருவனைப் பற்றி நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அந்தப் பதிலை வாங்கத்தான் முதல் பஸ் பிடித்து வந்தேன். வந்த இடத்தில் செய்த காரியத்தைத்தான் மேலே படித்தீர்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு புங்கமரம். கிஷோர் ட்ரைலர் நிழலில் உட்கார்ந்து ஒரு மாங்காயை எடுத்துக் காம்புப் பக்கம் திருப்பிக் காட்டினான். கறுப்பாக ஒரு புள்ளி.

"நாளைக்கு சாயங்காலம் தாண்டிச்சுனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் ரோட்டோரம் கொட்டிட்டு வூட்டுக்குப் போவ வேண்டிதான்."

"என்னாலதான்டா."

"ஆமா" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அக்கா வளர்ப்பு அப்படி.

"சரி. பெரிய மாமாவுக்கு இன்னா பதில் சொல்லட்டும்?"

"நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

இப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் சரியாக எடுத்துக்கொண்டதில்லை. "சொல்லு" என்றேன்.

"அங்க வந்தா நானும் ஒரு சீனு மாமா ஆயிடுவேன்."

எனக்கு எதற்கும் ஒரு தமாஷ் வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கு அதுவும் இந்த வரிசையில் எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது.

"உன்ன கேவலமா சொல்லல மாமா" என்றான் அவசரமாக. "உன்ன மாரி யாரும் எனக்கில்ல. ஆனா நீயே சொல்லு. இத்தினி வருஷத்துல அந்த வூட்ல ஒரு நாளாச்சும் ‘எனக்கு இது வேணாம்’னு சொல்லிக்கீறியா?"

"போன தீபாவளிக்கு சட்டை கலரு வேணாம்னு சொன்னேன்."

"மாத்திக் குடுத்தாங்களா?"

"போட்டுப் பாத்தா அது நல்ல கலருதான்டா."

அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கு ஒண்ணு தெரியணும் மாமா. இந்தக் கண்டிஷன் யாரு போட்டது?"

"உங்க பெரிய மாமாதான். வேற யாரு?"

"அவரு வேணும்னா வேணும்பாரு, வேணாம்னா வேணாம்பாரு. இது யாரோ ஒக்காந்து யோசிச்சு செஞ்சது. தோட்டத்த விக்கச் சொல்லல, குத்தகைக்குத்தான் வுடச் சொல்லிக்கீறாங்க. அம்மாவயும் கூடவே கூட்டியாரச் சொல்லிக்கீறாங்க. எங்க அம்மா தனியா கெடக்கக் கூடாதுன்னு பெரிய மாமா எப்போ நெனச்சாரு? எங்க மேல அக்கற வெச்ச யாரோதான் இத போட்டிருக்காங்க. அதான் எனக்கு பயமா கீது. கெட்டவங்க போட்ட கண்டிஷன்னா பட்டுனு முடியாதுனு சொல்லிடலாம்."

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை.

"யாருனு தெரிஞ்சா நேரா அவங்ககிட்ட பேசுவேன். பேசிட்டுதான் பதில் சொல்வேன். நீ போயி கேட்டுக்கினு வா."

"அதுவரைக்கும் வண்டிய யாரு பாத்துப்பா?"

"நீ பாக்காம இருந்தாலே போதும் மாமா."

ஒன்றரை மணிக்குத் திருப்பதியில் இறங்கினேன். பஸ்ஸில் ஒரு மணி நேரமும் அதே யோசனை. அந்தக் கண்டிஷன் யார் தலையில் உதித்தது? தலைவலி மாத்திரையைக்கூட யார் கண்டுபிடித்தது என்று கேட்காதவன் நான். இது மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

அண்ணன் ரிசப்ஷனில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலியே அதுதான் என்றாலும், நான் அதை என்னுடையது என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

"ரூம் உந்தா அண்ணா?" மொட்டைத் தலைகளோடு ஒரு குடும்பம் வந்து நின்றது.

"எந்தமந்தி?" என்றார் அண்ணன்.

கவனித்தீர்களா? ரூம் இருக்கிறதா என்று கேட்டால், எத்தனை பேர் என்று கேட்பார். இருபத்தைந்து வருஷத்து லாட்ஜ் தொழிலில் ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகளும் அவருக்கு மறந்துபோயின.

"அண்ணா, அந்த இல்லரிகம் கண்டிஷன் உன் யோசனையா?"

"பையன் இன்னா சொன்னான்?"

"இதத்தான் கேட்டுக்கினு வரச் சொன்னான்."

"ரெண்டாவது மாடி கீசருக்கு ஆளு வந்தானா?"

"நேத்தே வந்துட்டான். யோசனை உன்னுதா, இல்லியா?"

"யாருதா இருந்தா இன்னா சீனு? நல்லதுதான சொல்லிக்கீறேன்?" ரெஜிஸ்டரைத் திறந்து, எழுத எதுவும் இல்லாத ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்தார். "உங்க அண்ணியக் கேளு, போ."

லாட்ஜின் மேல்மாடிதான் வீடு. ஸ்ரீதேவி அண்ணி கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் தட்டு வந்துவிட்டது.

"மொதல்ல துன்னு. அப்புறம் கேளு."

"அண்ணி, அந்தக் கண்டிஷன்..."

"நானா? நான் ஏன் போடப் போறேன்? இல்லரிகம் வந்த எங்க சின்ன மாமா, எங்க அம்மா வூட்ல டீ வேணும்னாகூட ஜாடையிலதான் கேப்பாரு. அத பாத்து வளந்தவ நான். உங்க அண்ணனக் கேளு."

"அவரு உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு."

"ரசம் ஊத்தட்டா?"

அண்ணி கரண்டியை நீட்டினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நானும் தட்டை நீட்டினேன். முடிவுக்கு வந்துவிட்டேன். அண்ணன்தான். கல்யாணமான நாளிலிருந்து தன்னுடைய முடிவுகளை எல்லாம் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர். இதையும் அப்படித்தான் செய்கிறார்.

இரண்டரைக்கு ஹரிதா வந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவள் எப்போதும் நேராக வந்து என் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுப்பாள். அன்றைக்கும் எடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பளம் பாதியில் நின்றது.

"கடைசிக்கா? பதினோராவது வண்டி, கடைசிக்கா?"

"கியரு..."

"ஒரு வண்டிய சும்மா நிக்க வெக்கக்கூட முடியாதா சித்தப்பா உன்னால?"

"நிக்க வெக்கறது எனக்கு வரும்மா. ஓட்டறதுதான் வரல."

அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்துவிட்டாள். "சாப்பாடு கட்டும்மா, கேரியர்ல."

"எங்கடி போற?" என்றார் அண்ணி. "நாளைக்கு அவங்க வராங்க. வெய்யில்ல மூஞ்சி கறுத்துடும்டி."

"கறுத்தா கறுப்புனு எழுதிக்கட்டும்."

அண்ணி கேரியரில் சோறு கட்டினார். முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார். ஆனால் கத்திரிக்காயை இரண்டு பங்காக வைத்ததை நான் பார்த்தேன்.

நாற்பது கிலோமீட்டர், ஸ்கூட்டியின் பின் சீட்டில், மடியில் கேரியரோடு. வடமாலப்பேட்டை தாண்டியதும் கேட்டேன்.

"ஹரிதா, அந்த இல்லரிகம் கண்டிஷன்..."

"ஹெல்மெட்ல காது கேக்கல சித்தப்பா!"

"யாரு போட்டதுனு..."

"லாரி வருது, பேசாத!"

லாரி எதுவும் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு கீசர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்தாள். ட்ரைலருக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்குகிறவர்கள், செங்கல் அடுப்பில் உப்புமா கிளறுகிறவர்கள், பனியனோடு சீட்டாடுகிறவர்கள். எங்கே பார்த்தாலும் ஈயும் மாங்காய் வாசனையும். ஒருவர் டிராக்டர் மேல் உட்கார்ந்து, கேட் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கேட் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிதா அவரைக் கடக்கும்போது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிஷோரின் வண்டிக்குப் பின்னால் இன்னும் முப்பது வண்டி சேர்ந்திருந்தது. இவளைப் பார்த்ததும் அவன் சட்டைப் பொத்தானைத் தேடினான். மூன்று பொத்தானில் ஒன்று இல்லை.

"ஏன் வந்த? இன்னா வெய்யிலு பாரு."

"நீ மட்டும் நிக்கலாமா?"

"எனக்குப் பழக்கம்."

"அதான்" என்றாள் ஹரிதா. அந்த அதானுக்கு அப்போது எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

சாப்பாட்டைப் பிரித்து வைத்தவள் அவன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து மேலே கறுத்து வெந்த மாதிரி ஒரு கோடு.

"இதுக்கு இன்னா போட்ட?"

"மாங்காப் பாலு பட்டுச்சு. எங்க அம்மாக்கு கழுத்து வரிக்கும் கீது. தானா போய்டும்."

"அத்தைக்கு எங்க போச்சு?"

அவள் பையிலிருந்து ஏதோ களிம்பை எடுத்து, ஆஸ்பத்திரியில் செய்வது போலவே பொறுமையாகத் தடவினாள். அவன் இடது கையை அவளிடம் கொடுத்துவிட்டு வலது கையால் சாப்பிட்டான். நான் பக்கத்து ட்ரைலரில் மாங்காய் எண்ணுவது போல நின்றேன். எனக்கும் இங்கிதம் தெரியும். காது மட்டும்தான் என் பேச்சைக் கேட்காது.

"ஹரி, ஒண்ணு கேக்கறேன். பெரிய மாமாக்கு இந்த இல்லரிகம் யோசனை யாரு குடுத்தது?"

"மொதல்ல சாப்டு."

அண்ணி பெற்ற மகள்தான், சந்தேகமே இல்லை.

"நான் வெளாட்டுக்குக் கேக்கல. யாரா இருந்தாலும் பரவால்ல. நாளைக்கு காலைல திருப்பதிக்கு வந்து மாமாகிட்ட நேரா பேசிடறேன். எனக்கு ஒரு வருஷம் டைம் குடுங்க, நாலுல ரெண்டு ஏக்கருல வேற மரம் வெச்சுக் காட்றேன், இந்த ஃபேக்டரிய நம்பாம பொழச்சுக் காட்றேன்னு சொல்றேன். லோடு போனாலும் போவட்டும்."

"லோட வுட்டுட்டு வருவியா?"

"உனக்காக வருவேன். வந்து பேசிட்டு திரும்பிடுவேன். தங்க மாட்டேன் ஹரி. என்னால முடியாது."

அவள் களிம்பு டப்பாவை மூடினாள். மூடி சரியாக விழவில்லை. திரும்பத் திரும்பத் திருகினாள்.

முன்னால் விசில் சத்தம் கேட்டது. வரிசை நகர்கிறது. கிஷோர் வாய்ச் சோற்றோடு எழுந்து ஓடினான். நானும் உதவிக்கு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"மாமா, நீ வண்டியத் தொடாத!"

ஹரிதா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். டிராக்டர் புகை விட்டுக்கொண்டு முன்னால் போனது. நாங்கள் இரண்டு பேரும் காலி கேரியரோடு புங்கமர நிழலில் நின்றோம்.

மணி ஐந்தாகப் போகிறது. அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். கிஷோர் காலையில் சொன்னதை அவளிடம் சொன்னேன். இல்லரிகம் வந்தால் தானும் ஒரு சீனு மாமா ஆகிவிடுவான் என்று சொன்னதை.

"அப்பிடியா சொன்னான்?" அவள் முகம் சுண்டிப் போனது. "உன்கிட்டயேவா?"

"தப்பில்லம்மா. நிஜந்தான? யோசிச்சுப் பாத்தேன். இருபத்திரெண்டு வருஷமா உங்க நைனாகிட்ட ஒரு தடவகூட ‘இது வேணாம்’னு நான் சொன்னதில்ல. இப்ப சொல்லப் போறேன். அந்தக் கண்டிஷன் வேணாம், அவன அவன் தோட்டத்துலயே இருக்கவுட்டு பொண்ணக் குடுன்னு சொல்றேன். வேலைய வுட்டு அனுப்பிட்டாருனா அக்காகிட்ட வந்து மாடு மேய்க்கறேன். மாட்டுக்குக் கியரு கெடையாது."

ஃபோனை எடுத்தேன். அண்ணன் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை.

ஹரிதா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக் கட் செய்தாள்.

"நைனாவத் திட்டாத சித்தப்பா."

"பின்ன யாரத் திட்டறது?"

"என்ன."

எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"நான்தான் போட்டேன். இல்லரிகம் வந்தா கட்டித் தரேன்னு சொல்லுன்னு நைனாகிட்ட நான்தான் ரெண்டு நாளு அழுது கேட்டேன். தோட்டத்த விக்க வேணாம், குத்தகைக்கு வுடட்டும்னு சொன்னதும் நான்தான். அத்தையக் கூட்டியாரணும்னு சொன்னதும் நான்தான். நைனா மாட்டவே மாட்டேன்னாரு. ‘தெனம் உங்க சித்தப்பாவப் பாத்துக்கினே இத எப்டி கேக்கற?’ன்னாரு."

அண்ணன் அப்படிச் சொன்னாரா? எழுத ஒன்றும் இல்லாத ரெஜிஸ்டர் பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷனா?

"ஏம்மா?"

"கஷ்டத்துக்கு நான் பயப்படல. எட்டு மணி நேரம் நின்னுக்கினே வேல பாக்கறவ நான். அத்தைக்கு காலு ஒடஞ்சப்போ எட்டு நாளு தோட்டத்துல இருந்தேன், ஞாபகம் கீதா? சாணி அள்ளினேன், மாங்கா பொறுக்கினேன், எல்லாம் முடிஞ்சுது. இதுதான் என்னால முடியாது." கை நீட்டி வரிசையைக் காட்டினாள். "எவனோ ஒருத்தன் கேட்டு எப்போ தொறக்கும்னு வருஷா வருஷம் ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கறது. இந்த வருஷம் அவன் ஒக்காந்திருக்கான். நாளைக்கு என் புள்ள ஒக்காருவான். வரும்போது ஒருத்தரு டிராக்டர் மேல ஒக்காந்து பாத்துக்கினு இருந்தாரே, நீ பாத்தியா?"

பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

"இத அவன்கிட்டயே சொல்லிருக்கலாமே?"

"சொன்னா, அப்போ நான் உனக்கு வேணாமானு கேப்பான். எனக்கு அவன் வேணும் சித்தப்பா. அதனாலதான் நைனா பேருல சொன்னேன். நைனா மேலனா கோவப்படுவான், சண்ட போடுவான், அப்புறம் ஒரு நாளு வந்துடுவான்னு நெனச்சேன்."

நாற்பது அடி முன்னால் டிராக்டர் நின்றுவிட்டது. கிஷோர் சீட்டில் எழுந்து நின்று, இங்கே வாங்க, இங்கே நல்ல நிழல் இருக்கு என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டான். ஹரிதா பதிலுக்குக் கையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவனுக்குத் தெரியாமல் இருக்க, வெயிலுக்குக் கை மறைப்பது போல நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து எல்லோரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவன் நான். என்னிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அவன் வரவே மாட்டேன்னு சொல்லிட்டான்னா?"

அவள் கீசரைப் பற்றிக் கேட்கவில்லை. ரசம் ஊற்றவில்லை. லாரி வருகிறது என்று சொல்லவில்லை. என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நாளைக்கு வர மண்டபக்காரனுக்கு முடியாதுனு சொல்லிடுவேன். வேற யாரயும் கட்டிக்க மாட்டேன். ஆனா இங்க நான் வர மாட்டேன் சித்தப்பா."